டெபோராவின் பன்றி

ஜெயமணி ஜெபம் பண்ண ஆரம்பித்தால் இயேசுசாமிக்கு வாய் திறக்க இடம் கிடைக்காது. இலங்கை மலைநாட்டில் தேயிலைக் கொழுந்து எடுத்த காலத்திலிருந்தே அவள் அப்படித்தான். கை ஒரு பக்கம் ஓடும், வாய் ஒரு பக்கம் ஓடும். கூடை நிறைந்தால் ஸ்தோத்திரம், அட்டை கடித்தால் முறைப்பாடு. கப்பலேறி நிக்கோபாரின் கச்சால் தீவுக்கு வந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. காட்டை வெட்டி எரித்த சரிவில் ரப்பர் கன்று வைக்கக் குழி வெட்டும்போது, மண்வெட்டி விழுகிற ஒவ்வொரு வெட்டுக்கும் ஒரு விண்ணப்பம் மேலே போகும்.

பக்கத்துக் குழியில் நிற்கும் மங்கையர்க்கரசிக்குக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. அவள் மாரியம்மனைக் கும்பிடுகிறவள். ஆனாலும் கூலிக்காரர் வரிசை வீடுகளான லயத்தில் நடக்கும் ஞாயிற்றுக்கிழமை ஜெபக்கூட்டத்துக்குத் தவறாமல் வந்து கடைசி வரிசையில் உட்காருவாள், முடிந்ததும் கொடுக்கிற தேயிலைச் சாயத்தண்ணிக்காக. "ஒங்க சாமி பாவம்டி. ஒரு வாய் சோறு தின்ன விட மாட்டேங்கிற" என்று ஒரு தரம் சொல்லியே விட்டாள். ஜெயமணி சிரித்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து ஜெபத்தைத் தொடர்ந்தாள்.

எழுபத்து நாலோ எழுபத்து ஐந்தோ, அந்த வருஷம் அவள் விண்ணப்பம் ஒன்றே ஒன்றுதான். அவள் புருஷன் ராஜமாணிக்கத்துக்குக் கங்காணி வேலை கிடைக்க வேண்டும். அவன் நாற்றங்காலில் வேலை செய்தான். ஜெபக்கூட்டத்தை நடத்துகிறவனும் அவன்தான். கங்காணியானால் வேலை நிரந்தரம். நிரந்தரமானால் பாஸுக்குப் பயமில்லை. நிக்கோபார் பக்கத்துத் தீவுகளில் வெளியாள் குடியிருக்கப் பாஸ் வேண்டும். அதை ரத்துச் செய்துவிட்டால் அடுத்த கப்பலில் மூட்டையைத் தூக்க வேண்டியதுதான். இலங்கையில் இந்தியாக்காரன் என்று சொல்லி அனுப்பினார்கள். மண்டபம் முகாமில் இறங்கினால் சிலோன்காரன் என்றார்கள். இன்னொரு தரம் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு ஏற எந்தக் கரை இருக்கிறது? "ஆண்டவரே, ஆகும் ஆகாதுன்னு ஒரு வார்த்த சொல்லும்" என்று அவள் விடாமல் நச்சரித்தாள்.

இத்தனைக்கும் நடுவில்தான் அந்தப் பன்றி வந்து விழுந்தது.

நாற்றங்காலில் காட்டுப்பன்றித் தொல்லை தாங்க முடியவில்லை. ஒரே ராத்திரியில் ஒரு பாத்திக் கன்றுகளைப் புரட்டிப் போட்டுவிடும். பிடித்தால் நல்லது என்று ஆபீசிலேயே சொல்லியிருந்தார்கள். ராஜமாணிக்கம் இலங்கைத் தோட்டத்தில் போட்டுப் பழகியபடி கம்பிச் சுருக்குப் போட்டான். ஒரு சனிக்கிழமை காலையில் நல்ல கொழுத்த பன்றி விழுந்தது. அப்போது கடல் கொந்தளிப்பில் பல நாளாகக் கப்பல் இல்லை. ஸ்டோரில் கோதுமை மாவும் பருப்பும் தவிர ஒன்றுமில்லை. கோதுமை ரொட்டியும் தேங்காய்ச் சம்பலுமாகத் தின்று தின்று பிள்ளைகளுக்கு நாக்கே செத்துப்போயிருந்தது. லயமே கல்யாண வீடாகிவிட்டது. ராஜமாணிக்கம் கண்ணை மூடி, வனாந்தரத்திலும் போஷிக்கிற தேவனுக்கு நன்றி சொன்னான். ஆண்கள் ரோமத்தைப் பொசுக்கி வெட்டினார்கள். குடல் கழுவும் வேலை வழக்கம்போல ஜெயமணி தலையில் விழுந்தது. அவள் சட்டியைத் தூக்கிக்கொண்டு தனியாக ஓடைக்குப் போனாள்.

இரைப்பையை அறுத்தாள். உள்ளே வெள்ளை வெளேரென்று தேங்காய்.

அவள் கத்தியைக் கல்லின்மேல் வைத்துவிட்டாள். காட்டுப்பன்றி கிழங்கு தோண்டும், புழு தின்னும், உதிர்ந்த பழம் தின்னும். அதற்கு யார் தேங்காய் உடைத்து வைப்பார்கள்? நிக்கோபார்க்காரர்களின் பன்றிகள் பகலெல்லாம் காட்டில் மேயும். சாயங்காலம் வீட்டார் கூப்பிட்டால் வந்து, உடைத்து வைத்த தேங்காயைத் தின்னும். தீவுக்கு வந்த புதிதிலேயே எல்லாருக்கும் தெரிந்துபோகிற விஷயம் இது. ஜெயமணிக்கும் தெரியும். மேட்டிலிருந்து அவள் சின்ன மகள் சுசீலா, "அம்மா, ஈரல சுட்டுத் தருவியா?" என்று கூவினாள். ஜெயமணி இரைப்பையைத் தண்ணீரில் புரட்டினாள். வெள்ளையெல்லாம் ஓடையோடு போயிற்று. திரும்பி வந்து மசாலா அரைத்தாள். தானும் தின்றாள். நன்றாகத்தான் இருந்தது, அந்தப் பாழாய்ப்போன கறி.

அடுத்த வாரம் காலைப் பெரட்டில் ஆள் எண்ணும்போது, நிக்கோபார்க் கிராமத்துக் கேப்டன் வந்து நின்றார். அங்கே ஊர்த்தலைவருக்குக் கேப்டன் என்று பெயர். போர்ட் பிளேரில் ஃபீனிக்ஸ் பே பக்கம் கொஞ்ச காலம் கப்பல் வேலை பார்த்தவர், அங்கே பொறுக்கிய தமிழ் அவரிடம் இருந்தது. டெபோராவின் பன்றியைக் காணோம், யாராவது பார்த்தீர்களா என்று கேட்டார். டெபோரா கார் நிக்கோபார் தீவிலிருந்து கல்யாணமாகி வந்தவள். போன வருஷம் அவள் புருஷன் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. வருஷ நினைவுச் சாப்பாட்டுக்கென்று அவனே குட்டியில் பிடித்து வளர்த்த பன்றியை ஒதுக்கி வைத்திருந்தாள்.

ராஜமாணிக்கம் முன்னால் வந்தான். தாங்கள் பிடித்தது காட்டுப்பன்றிதான் என்று சொன்னான். லயத்துக்கு ஓடிப்போய்ப் பைபிளை எடுத்துவந்து, அதன்மேல் கை வைத்தும் சொன்னான். கேப்டன் தலையாட்டிவிட்டுப் போனார். புருஷன் சத்தியம் மனசறிந்த பொய் இல்லை. அதுதான் ஜெயமணியைக் கொன்றது. பெண்கள் வரிசையில் அவள் மண்வெட்டியைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றாள்.

அன்று முதல் ஒவ்வொரு சாயங்காலமும், சரிவின் அடியில் தென்னந்தோப்பு முடிகிற இடத்தில் டெபோரா வந்து நின்றாள். தேங்காய் மட்டை இரண்டைத் தட்டி, நீட்டி ஒரு குரல் கொடுப்பாள். கொஞ்சம் பொறுத்து மறுபடியும். குழி வெட்டுகிறவர்களுக்கெல்லாம் அது கேட்கும். ஜெயமணிக்கு அப்போதுதான் ஜெபம் பீறிட்டுக்கொண்டு வரும். பாட்டாகவே பாட ஆரம்பித்துவிடுவாள். என்னடி இன்றைக்கு இந்தக் கத்துக் கத்துகிறாய் என்று மங்கையர்க்கரசி கேட்டால், ஆவி நிறைந்திருக்கிறது என்பாள். என்ன ஆவியோ!

கங்காணிக்கு ஆள் எடுக்கும் நாள் நெருங்கியது. ஒரு மத்தியானம் மழை அடித்து ஊற்றியது. எல்லாரும் தார்ப்பாய்க் கொட்டகைக்குள் ரொட்டி தின்னப் போனார்கள். ஜெயமணி மட்டும் கருவிகள் போட்டு வைக்கும் ஓலைச் சாய்ப்பில் ஒதுங்கினாள். இன்றைக்கு ஆண்டவரை விடுவதில்லை என்று முடிவு கட்டியிருந்தாள். பதில் வாங்காமல் சோறு தண்ணி இல்லை என்று அவரிடமே சொல்லி, கங்காணி வேலையில் தொடங்கி, பிள்ளைகள் படிப்பு, ஒழுகுகிற கூரை எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தாள். மூச்சு வாங்கியது. சொல்ல இனி ஒன்றும் பாக்கி இல்லை. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. பதில் பதில் என்று கேட்கிறோமே, இந்த மனுஷன் பேச நாம் எப்போது இடம் விட்டோம்?

வாயை மூடினாள். ஜெயமணிக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று அவளைத் தெரிந்தவர்களுக்குத்தான் தெரியும். முதலில் கண்டதும் வந்தது. காயப்போட்ட துணி நனைந்திருக்கும். சுசீலாவுக்கு இருமல் விடவில்லை. மங்கையர்க்கரசி வாங்கிப்போன சல்லடை திரும்பி வரவில்லை. எல்லாவற்றையும் வர விட்டாள், போக விட்டாள். மழை ஓலையில் அடித்துக்கொண்டிருந்தது. குரல் ஒன்றும் வரவில்லை. வந்தது டெபோராவின் நினைப்புதான்.

டெபோராவும் வேதக்காரிதானே. அவளும் ராத்திரி படுக்குமுன் முழங்கால் போட்டு, என் பன்றி எங்கே ஆண்டவரே என்று அவள் பாஷையில் கேட்பாள். யாரிடம் கேட்பாள்? இதே இயேசுவிடம்தான். அவள் கேட்பதற்குப் பதில் என் வாய்க்குள் இருக்கிறது. அதை அமுக்கி வைத்துக்கொண்டு எனக்குப் பதில் சொல்லும் என்று அவர் சட்டையைப் பிடித்து உலுக்கினால், அவர் என்னத்தைச் சொல்லுவார்?

பேரம் பேசிப் பார்த்தாள். உபவாசம் இருக்கிறேன் என்றாள். இனி ஜென்மத்துக்கும் பன்றிக்கறி தொடமாட்டேன் என்றாள். மங்கையர்க்கரசியை ஞானஸ்நானத்துக்குக் கூட்டி வருகிறேன் என்றுகூடச் சொல்லிப் பார்த்தாள். ஒன்றும் எடுபடவில்லை. போய்ச் சொல் என்பது மட்டும் அப்படியே நின்றது. இது ஆண்டவர்தானா, நம்ம மனசேதானா என்று சந்தேகம் வந்தது. அதையும் நின்று யோசித்தாள். அவள் மனசை அவளுக்குத் தெரியாதா? அது எப்போதும் அவளுக்குத் தோதாகத்தான் பேசும். வீடு போனாலும் பரவாயில்லை, போய்ச் சொல் என்று அது ஒரு நாளும் சொன்னதில்லை. அப்படியானால் இது அவர்தான்.

மறுநாள் வேலை விட்டதும் ஜெட்டிக்குப் போனாள். அங்கே ஸ்டோரில் சாமான் போடுகிற நஜிமுதீன், ராமநாதபுரம் பக்கத்துக் குடும்பத்தில் பிறந்து போர்ட் பிளேரில் வளர்ந்தவர். தீவில் எல்லாருக்கும் பொதுவாக இருந்த இந்தியை அவர் தமிழ் மாதிரியே பேசுவார். ஜெயமணிக்கு இந்தி ஓடாது. கேப்டனை நடுவில் வைத்துப் பேச அவளுக்கு இஷ்டமில்லை. டெபோராவின் முகத்தைப் பார்த்து அவளே சொல்ல வேண்டும்.

"பாய், பன்னிக்கு இந்தியில என்னா சொல்லுவாங்க?"

நஜிமுதீன் தராசைக் கீழே வைத்தார். "ஏன் தங்கச்சி, இத கேக்க இந்தத் தீவுல நான்தான் கெடச்சேனா?"

அவள் சிரிக்கவில்லை. நடந்ததைச் சொன்னாள். அவர் வெளியே எட்டிப் பார்த்துவிட்டுக் கதவைப் பாதி சாத்தினார்.

"இது மெயின்லேண்டு இல்லம்மா. இங்க உள்ள ஆளுங்க ஆபீஸ்ல ஒன் மேல ஒரு ஷிகாயத் எழுதிக் குடுத்தாப் போதும், பாஸ் கேன்சல். அடுத்த ஜஹாஸ்ல ஏத்தி விட்டுருவான். ஒன்னய மட்டுமில்ல, குடும்பத்தோட. யாருக்கும் தெரியாதுங்கிற. மனசுக்குள்ள தவ்பா கேட்டுட்டு விட்டுரு. படச்சவன் மன்னிப்பான்."

"மன்னிப்பாரு பாய். மன்னிச்சுட்டுத்தான் போகச் சொல்றாரு."

நஜிமுதீன் தாடியைத் தடவிக்கொண்டு, தன் வாயால் சொல்லக் கூசுகிற அந்த வார்த்தையை மெல்லச் சொல்லிக் கொடுத்தார். "ஆப்கா சூவர் ஹம் லோக் காயா. ஒங்க பன்னிய நாங்க தின்னுட்டோம்."

அது பத்தாது என்றாள் ஜெயமணி. தின்றது எல்லாரும், ஆனால் தெரிந்து தின்றது அவள் ஒருத்திதான். அதற்கும் வார்த்தை வேண்டும் என்றாள். "மேரேகோ மாலூம் தா" என்று சொல்லிக் கொடுத்தார் நஜிமுதீன். எனக்குத் தெரிந்திருந்தது. தென்னந்தோப்பு வழி நெடுக அதையே முணுமுணுத்துக்கொண்டு போனாள். அன்று வேறு ஜெபம் இல்லை.

டெபோரா கட்டைக்கால்கள் நட்டு உயர்த்திய குடிலின் அடியில் உட்கார்ந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். யாரோ வயசான பொம்பளை என்று ஜெயமணி நினைத்திருந்தாள். கிட்டப் பார்த்தால் தன் வயதுதான், முப்பது கூட ஆகியிருக்காது. ஜெயமணி நின்றபடியே சொன்னாள். டெபோராவுக்கு முதலில் புரியவில்லை. மறுபடி சொன்னாள். தன் வயிற்றைத் தொட்டு, துருவிய தேங்காயைக் காட்டி, அறுத்துப் பார்த்ததைக் கையாலே சொன்னாள். "மேரேகோ மாலூம் தா" என்று தன் நெஞ்சில் கை வைத்துச் சொன்னாள்.

டெபோராவின் கை நின்றது. அவள் எழுந்து, ஏணியில் ஏறி உள்ளே போய்விட்டாள். ஜெயமணி போகவில்லை. என்ன செய்தாலும் செய்யட்டும் என்று அதே இடத்தில் நின்றாள். தூறல் பிடித்தது. யாரோ போய்ச் சொல்லியிருக்க வேண்டும், கேப்டன் வந்து ஏணியில் ஏறினார். உள்ளே பேச்சு நடந்தது. டெபோராவின் அழுகைச் சத்தமும் கேட்டது. பிறகு கேப்டன் இறங்கி வந்தார்.

"அவ சொல்றா. அந்தப் பன்னி செத்த ஆளுக்கு. அவன் பேர்ல தின்னா வேல செய்யணும், அழணும். நீங்க தின்னு, அழல. தின்ன ஆள் எல்லாம் வா."

"எல்லாருமா?"

"எல்லாரும்."

ஆபீசில் சொல்லுவீர்களா என்று கேட்டாள்.

"அது அப்புறம்" என்றார் கேப்டன். "மொதல்ல அழ வா."

வீட்டுக்கு வந்து, ரொட்டி சுட்டுக்கொண்டே புருஷனிடம் சொன்னாள். ராஜமாணிக்கம் சாயத்தண்ணிக் கோப்பையைக் கையில் வைத்தபடி கேட்டான். முகம் கறுத்துக்கொண்டே வந்தது.

"வேதப்புத்தகத்து மேல கை வச்சேனேடி" என்றான்.

"நீங்க சொன்னது பொய் இல்லீங்க. நான் சும்மா நின்னேனே, அதுதான் பொய்."

"ஒன்னய யாரு போய்ச் சொல்லச் சொன்னா?"

"ஆண்டவருதான்."

"இந்த லயத்துல ஜெபம் நடத்துறவன் நான். என்கிட்ட சொல்லாதத ஒன்கிட்ட சொன்னாராக்கும்?"

"கொடலக் கழுவுனது நான்தானேங்க. தெரிஞ்சவகிட்டதான கேப்பாரு."

திரும்பவும் கப்பலில் ஏற்றினால் என்ன செய்வாய் என்று கேட்டான். ஏற்றினால் ஏறுவோம், நமக்குக் கப்பல் புதுசா என்றாள். அவன் ரொட்டியைத் தொடாமல் எழுந்துபோய் வெளியே உட்கார்ந்துவிட்டான். இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. மூன்றாம் நாள் மண்வெட்டிக்குக் காம்பு போட்டுக்கொண்டே, ஞாயிற்றுக்கிழமை சாட்சி சொல்லும் நேரத்தில் அவளே எழுந்து சொல்லட்டும் என்றான்.

சாட்சி என்றால் வழக்கமாக, காய்ச்சல் நீங்கிற்று, காணாமல் போன கோழி திரும்பி வந்தது என்பார்கள். ஜெயமணி எழுந்தாள். பன்றிக்கறி தின்ற வீட்டுக்காரர்கள் எல்லாரும், கோவில் கும்பிடுகிறவர்களும்கூட, வந்திருந்தார்கள். அவளே வாசல் வாசலாகப் போய்க் கூப்பிட்டிருந்தாள். இரைப்பையில் தேங்காய் இருந்ததைச் சொன்னாள். ஓடையில் கொட்டியதைச் சொன்னாள். பைபிள் சத்தியத்தின்போது வாயைப் பொத்தி நின்றதைச் சொன்னாள். டெபோரா கேட்பதையும் சொல்லிவிட்டு, "யாரு வந்தாலும் வராட்டியும் நான் போறேன்" என்று உட்கார்ந்தாள்.

கூரை பறந்துவிடும் போல் சத்தம் எழுந்தது. பாஸ் போனால் இவளா எழுதித் தருவாள் என்றார்கள். தின்று செரித்த கறிக்கு இப்போது அழ வேண்டுமா என்று குழந்தைவேலு கேட்டான். நாற்றங்காலில் ராஜமாணிக்கத்தோடு வேலை செய்கிறவன், கங்காணி வேலைக்கு அவனும் கண் வைத்திருந்தான். ராஜமாணிக்கம் எழுந்தான். சுருக்குப் போட்டது தன் கை, ஆகவே தான் போவதாக மட்டும் சொல்லிவிட்டுப் பைபிளை மூடினான். மங்கையர்க்கரசி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தாள்.

"நான் ரெண்டு தரம் கேட்டு வாங்கித் தின்னேன்டி. எனக்கு ரெண்டு மடங்கு அழுக இருக்கும் போல. வா."

பாதிப் பேர் வந்தார்கள். மீதிப் பேர் அவர்களைப் பைத்தியம் என்றார்கள்.

நினைவுச் சாப்பாட்டு வேலை இரண்டு நாள் நடந்தது. ராஜமாணிக்கமும் ஆண்களும் விறகு பிளந்தார்கள், தேங்காய் சுமந்தார்கள். பெண்கள் கிழங்கு அவித்தார்கள், தண்ணீர் எடுத்தார்கள். கிராமத்தார் வேலையைக் காட்டிக் கொடுத்தார்களே தவிர, சிரித்துப் பேசவில்லை. டெபோரா ஜெயமணியின் பக்கமே திரும்பவில்லை. அந்த இரண்டாம் நாள் காலைப் பெரட்டில்தான் கங்காணிக்கு ஆள் எடுத்தார்கள். வராதவன் பெயரைக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, நின்ற குழந்தைவேலுவை எடுத்துக்கொண்டார்கள். சேதி மத்தியானம் வந்தது. ராஜமாணிக்கம் கோடரியை ஒரு தரம் கீழே வைத்தான். கடலைப் பார்த்து நின்றான். பிறகு எடுத்து மறுபடி பிளந்தான். ஜெயமணிக்கு நெஞ்சு எரிந்தது. ஆண்டவரோடு சண்டை போட வாய் துறுதுறுத்தது. தண்ணீர்ப் பானையைத் தூக்கிக்கொண்டு பேசாமல் நடந்தாள்.

வேலைக்கு வராதவர்களைப் பற்றி விசாரிக்கத் தோட்ட ஆபீசிலிருந்து ஒரு கிளார்க் வந்தார். லயத்து ஆட்கள் இங்கே என்ன செய்கிறார்கள் என்று இந்தியில் கேட்டார். கேப்டன் டெபோராவைப் பார்த்தார். டெபோரா கிளார்க்கிடம் ஏதோ இரண்டு வார்த்தை சொல்லிவிட்டுத் தன் வேலைக்குத் திரும்பினாள். கிளார்க் தலையைச் சொறிந்துகொண்டு போனார். என்ன சொன்னாள் என்று ஜெயமணி கேப்டனைக் கேட்டாள்.

"'கர்கா ஆத்மி'ன்னா. வீட்டு ஆளுன்னு சொன்னா."

சாயங்காலம் கல்லறைப் பக்கத்தில் பாடினார்கள். உடல் கிடைக்காத கல்லறை, சிலுவை மட்டும் நின்றது. பாட்டு முடிந்து எல்லாரும் வட்டமாக உட்கார்ந்தார்கள். கார் நிக்கோபாரிலிருந்து வந்த டெபோராவின் தம்பிகள் வேறொரு பன்றி கொண்டுவந்திருந்தார்கள், சின்னது. டெபோரா வாழையிலையில் ஒரு துண்டுக் கறியும் கிழங்கும் வைத்து எடுத்து வந்து, ஜெயமணி முன்னால் வைத்துவிட்டு எதிரிலேயே உட்கார்ந்தாள். இனி தொடமாட்டேன் என்று ஆண்டவரிடம் பேரம் பேசிய கறி. ஜெயமணிக்குக் கை எழவில்லை.

"காவோ" என்று தின்னச் சொன்னாள் டெபோரா.

ஜெயமணி அவள் முகத்தைப் பார்த்தாள். கடலில் போனவன் பேர் என்ன என்று கேட்க நினைத்தாள். பேருக்கு அவளுக்குத் தெரிந்த இந்தி வார்த்தையைச் சொல்லி, "நாம்?" என்று மட்டும் கேட்டாள். டெபோரா குனிந்து, அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி ஒரு பேரைச் சொன்னாள். அந்தப் பேரை ஜெயமணி தன் வாயால் ஒரு தரம் சொல்லிப் பார்த்தாள். அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே கறியைப் பிட்டு வாயில் போட்டாள், டெபோரா தன் பங்கையும் அந்த இலையிலேயே வைத்துத் தின்ன ஆரம்பித்தாள்.